உரிமப் பிழையா? முதலில் எண்ணைப் பாருங்கள்

புலம்பெயர் தேசங்களில் எமது பிள்ளைகள் பலர் மின்னணுவியலும் கணினிப் பொறியியலும் கற்கின்றனர். நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதும் இவர்களுக்கு, ஒப்படை கொடுக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு அடிக்கடி வரும் தலையிடி உரிமப் பிழை. நிரல் சரியாக இருந்தும் கருவி வேலை செய்ய மறுக்கும். பதற்றத்தில் முழுவதையும் அழித்து மீள நிறுவுவதால் பெரும்பாலும் பயனில்லை. திரையில் தெரியும் பிழை எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஆர்ம் நிறுவனம் 2005 இல் வாங்கிய கைல் கருவியை எடுத்துக்கொள்வோம். உரிமம் இல்லாத அதன் பதிப்பு 32 கிலோபைற்றுக்கு மேற்பட்ட நிரலை இணைக்காது. எல்6050யூ என்ற பிழை வந்தால் காரணம் இதுதான். தேவையற்ற நூலகங்களை நீக்கி, அளவைக் குறைக்கும் தெரிவை இயக்கிப் பார்க்கலாம்.

இத்தகைய கருவிகள் பலவற்றின் உரிமத்தைப் பிளெக்ஸ்நெற் என்னும் மென்பொருள் நிர்வகிக்கிறது. அதன் எண்கள் சில:

-15: உரிம வழங்கியுடன் தொடர்பு இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்தால் பல்கலைக்கழகத்தின் விபிஎன் இணைப்பையும், கணினியின் தீயரணையும் பாருங்கள்.

-4: எல்லா இடங்களும் பாவனையில் உள்ளன. யாராவது கருவியை மூடும்வரை காத்திருக்க வேண்டும்.

-9: உரிமம் வேறொரு கணினிக்குரியது. பெரும்பாலும் வலையமைப்பு அட்டையின் முகவரியே அடையாளமாக இருக்கும். யுஎஸ்பி வலையமைப்பு இணைப்பியைக் கழற்றினாலும் இது வரலாம்.

-10: உரிமம் காலாவதியாகிவிட்டது.

-88: கணினியின் கடிகாரம் பின்னோக்கி மாற்றப்பட்டுள்ளது. காலாவதியான உரிமத்தை நீடிக்கத் திகதியை மாற்றுவோருக்குக் கிடைப்பது இதுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூத்த பிள்ளையின் மடிக்கணினி இளையவருக்குப் போவதும் ஊருக்கு அனுப்பப்படுவதும் எம்மிடையே வழமை. கைகை மாறுவதற்கு முன், அதிலுள்ள உரிமத்தை விடுவிக்கச் சொல்லுங்கள். பல உரிமங்கள் அந்தக் கணினியோடு கட்டப்பட்டவை. வட்டை அழித்தபின் அவற்றை மீட்க நிறுவனத்துக்கு எழுதிக் காத்திருக்க நேரிடும்.

உரிமத்தை உடைக்கும் இலவச மென்பொருளைத் தேடுவது ஆபத்தானது. அவற்றோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் வருவதுண்டு. வங்கிக் கணக்கும் குடிவரவு ஆவணங்களும் இருக்கும் குடும்பக் கணினியில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. ஆர்ம் சில்லுகளுக்கான ஜிசிசி தொகுப்பிக்கு உரிம எண்ணே வேண்டாம். நிரல் அளவுக்கும் எல்லை இல்லை. எஸ்ரிஎம்32 சில்லுகளுக்கு அதன் தயாரிப்பாளரே இலவசக் கருவி தருகிறார்.

இவற்றின் பின்னும் தீராவிட்டால் பல்கலைக்கழக உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பிழை எண், முழுச் செய்தி, கருவியின் பதிப்பு, கணினியின் அடையாள எண் ஆகிய நான்கையும் முதல் மடலிலேயே கொடுத்தால், திரும்பத் திரும்பக் கேள்வி வந்து நாட்கள் வீணாகாது.