அஞ்சு நிமிச வேலை: கையடக்க வெட்டியின் வரலாறும் அதன் தூசியும்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினிக் கூரையில் போன மாரிக்கு ஒரு சீற் வெடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு மேசன் அண்ணையை அனுப்பினார். தண்ணிக் குழாய் போவதற்கு இடம்விட்டு, புதுச் சீற்றின் ஒரு மூலையை வெட்டவேண்டி இருந்தது. அண்ணை சாக்குப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன மெசினை எடுத்தார். வயர் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி, அடியில் பற்றறி, முன்னுக்கு தேநீர்க் கோப்பையின் வாயளவு தகடு. "பிளக் பொயின்ற் காட்டவோ அண்ணை?" எண்டு கேட்டோம். "தேவையில்லை தம்பியவை, அஞ்சு நிமிச வேலை" என்றார். சொன்னமாதிரியே ஐந்து நிமிடத்தில் முடித்தார். வெட்டு நேர்கோடாய் இருந்தது. கொடியில் காயப்போட்டிருந்த எங்கள் உடுப்புகளில்தான் மெல்லிசாய் ஒரு வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

அந்த மெசினைப் பற்றி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு சாமானின் வரலாற்றைத் தேடிப் போனோம். இரண்டு வரலாறு கிடைத்தது. ஒன்று தகடு, மோட்டர், பற்றறி ஆகியவற்றினுடையது. மற்றது அந்தத் தூசியினுடையது. முதலாவதைப் பெருமையாய் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் விசாரணை அறிக்கைகளிலும் வைத்தியக் குறிப்புகளிலும்தான் தேடவேண்டி இருக்கிறது.

தகடு

வாளுக்குப் பல் இருக்கும். இந்தத் தகட்டுக்குப் பல் இல்லை. மரத்தை வாள் சீவி எடுக்கிறது. இது கல்லையும் இரும்பையும் உரசிப் பொடியாக்குகிறது. பழைய எகிப்தியர் செம்பு வாளையும் மணலையும் வைத்துக் கருங்கல்லை அறுத்தார்கள். உண்மையில் கல்லை அறுத்தது மணல்தான், செம்பு அதை இழுத்துக்கொண்டு போனது. இன்றைய தகட்டிலும் அடிப்படை அதுதான். மணலுக்குப் பதிலாக அதைவிடக் கடினமான துகள், செம்புக்குப் பதிலாக அந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பசை.

அந்தத் துகள் 1890களின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வேட் அச்செசன் என்பவர் செயற்கை வைரம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். களியையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது வைரம் வரவில்லை, மினுங்கும் சில கரும் பளிங்குகள் வந்தன. அதுதான் சிலிக்கன் காபைட். அவர் அதற்கு 'காபொரண்டம்' என்று பெயர் வைத்து 1893இல் காப்புரிமை பெற்றார். அதைச் செய்ய ஏராளமான மின்சாரம் தேவைப்பட்டது. அதனால் இரண்டு வருடத்தில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் தொழிற்சாலையைக் கொண்டுபோனார். பசை 1907இல் வந்தது. லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைற் என்ற பிசின் சூட்டில் உருகாது. ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். துகளையும் இப்படியான பிசினையும் சேர்த்து அழுத்தினால், மெல்லிசான, ஆனால் வேகமாகச் சுற்றினாலும் பறந்து சிதறாத தகடு கிடைக்கும். ஓட்டையும் டைல்ஸையும் வெட்டும் மலிவான வைரத் தகட்டுக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ரிக் ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் செய்த பிறகுதான் வைரத்தூள் மலிந்தது. அச்செசன் தேடியது, அவர் செத்து இருபத்துமூன்று வருடம் கழித்துக் கிடைத்தது.

மோட்டர்

தகடு சுற்றவேண்டும், மிக வேகமாகச் சுற்றவேண்டும். ஜேர்மனியின் ஸ்ருட்காட்டில் ஃபைன் நிறுவனம் 1895இல் கையால் தூக்கக்கூடிய மின் துளைகருவியைச் செய்தது. அமெரிக்காவின் போல்ரிமோரில் பிளக் அன்ட் டெக்கர் நிறுவனம் அதற்குக் கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் கொடுத்து 1917இல் காப்புரிமை எடுத்தது. இன்றைக்குக் கடையில் எந்தத் துளைகருவியைத் தூக்கிப் பார்த்தாலும் அந்தத் துப்பாக்கிப் பிடிதான். இரண்டாம் உலகப்போர் நேரம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலைசெய்தவர்கள் இந்தக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. கம்பனி அதிலே ஒரு சந்தையைக் கண்டது. 1946இல் வீட்டுப் பாவனைக்கென்றே மலிவான வரிசை ஒன்றை இறக்கியது. 'சின்ன வேலைக்கு ஒரு மெசின்' என்ற எண்ணம் பரவலானது இப்படித்தான். 1954இல் ஜேர்மனியில் ஃப்ளெக்ஸ் நிறுவனம் வேகமாய்ச் சுற்றும் கோணக் கிரைண்டரைக் கொண்டுவந்தது. அது அவ்வளவு பரவியதால், எந்தக் கம்பனியின் கிரைண்டரானாலும் ஜேர்மனியர் 'ஃப்ளெக்ஸ்' என்றே சொல்கிறார்கள். எங்கட ஊரில் எல்லாமே 'கட்டர்' ஆனதுபோல.

அண்ணை கொண்டுவந்த மாதிரியான சின்ன மெசினின் தகடு 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம். நிமிடத்துக்கு 20,000 தரம் வரை சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். தகட்டின் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 80 மீற்றர், மணிக்கு 280 கிலோமீற்றருக்கும் மேலே ஓடுகிறது. ஏ9 வீதியில் எந்த சொகுசு பஸ்சும் ஓடாத வேகம். தீப்பொறியோ தூளோ தகட்டைவிட்டுப் புறப்படுவதும் அந்த வேகத்தில்தான்.

பற்றறி

வயரை வெட்டினது பற்றறி. பிளக் அன்ட் டெக்கர் 1961இலேயே வயரில்லாத துளைகருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. உள்ளே இருந்தது நிக்கல்-காட்மியம் பற்றறி. சுவீடன்காரர் வல்டெமார் யுங்னர் 1899இல் கண்டுபிடித்தது. நாசாதான் வயரில்லாக் கருவிகளைக் கண்டுபிடித்தது எண்டு பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வருடங்களைப் பார்த்தால் அது பொருந்தாது. நாசாவுக்கான கருவிகளை அதே கம்பனி பிறகு செய்துகொடுத்தது. 1971இல் அப்பலோ 15இன் டேவிட் ஸ்கொட் சந்திரனில் குழிபறித்தது பற்றறித் துளைகருவியால்தான். அங்கேயும் அது இறுகி மனுசனைப் படாத பாடு படுத்தியது.

அந்தப் பழைய பற்றறியில் ஒரு கலம் 1.2 வோல்ற் தரும். 12 வோல்ற்றுக்குப் பத்துக் கலம் வேணும், கை நோகும். 1991இல் சோனி லிதியம்-அயன் பற்றறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ஒரு கலம் 3.6 வோல்ற். மூன்று கலம் போதும், பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். 2005 அளவில் பெரிய கருவிக் கம்பனிகள் லிதியத்துக்கு மாறத் தொடங்கின. இந்தப் பற்றறிக்கு அடித்தளம் போட்ட விற்றிங்காம், குட்இனஃப், யொஷினோ மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு வீட்டுக் கதைகள் ஞாபகம் வந்தன. 1990களில் குடாநாட்டில் கறண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் சீமெந்து, இரும்போடு சேர்த்து ரோச் பற்றறியும் உள்ளே வரத் தடைசெய்யப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறைதான் எங்கட அம்மா அப்பாமார். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியபோது நாங்களும் ஒரு துளி பார்த்தோம். மின்சாரத்தைச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை. கூரைக்கு மேலே வயரை இழுக்கத் தேவையில்லை, ஈரச் சுவரில் கறண்ட் அடிக்குமோ என்ற பயம் குறைவு. இந்த மெசினைக் குறைசொல்ல நாங்கள் எழுதவில்லை.

தூசி

பல் இல்லாத தகடு உரசிப் பொடியாக்குகிறது என்றோம். பிரச்சினை அந்தப் பொடியில் இருக்கிறது. மரத்தூள் கீழே விழும், கூட்டி அள்ளலாம். கல்லை, கொங்கிறீற்றை, ஓட்டை உரசும்போது வருவதில் ஒரு பங்கு ஐந்து மைக்ரோமீற்றருக்கும் சிறியது. ஒரு தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மிதக்கும், நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அதில் பளிங்குச் சிலிக்கா இருந்தால், அது அங்கேயே கிடந்து தழும்பை உண்டாக்கும். அந்த வருத்தத்துக்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். மாற்ற மருந்து இல்லை.

இது புதுசாய்க் கண்டுபிடித்த விசயமில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சுரங்கங்களுக்கு காற்றழுத்தத் துளைகருவிகள் வந்தபோது, தொழிலாளர் அவற்றை 'விதவையாக்கி' என்று கூப்பிட்டார்கள். 1890களின் இறுதியில் ஜோர்ஜ் லைனர் என்பவர், துளைக்கும் கம்பியின் நடுவால் தண்ணீர் போகும் கருவி ஒன்றைச் செய்தார். தண்ணீர் பட்டால் தூசி சேறாகிக் கீழே விழும். தீர்வு அவ்வளவு எளிது, அவ்வளவு பழையது.

ஆனாலும் 1930இல் மேற்கு வேர்ஜினியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர்ச் சுரங்கம் வெட்டியபோது, சிலிக்கா நிறைந்த அந்தப் பாறையைத் தண்ணீர் இல்லாமலே துளைத்தார்கள். உலர்வாய்த் துளைத்தால் வேலை கெதியாய் முடியும். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தெற்கிலிருந்து வேலைதேடி வந்த கறுப்பினத்தவர். 1936இல் அமெரிக்கக் கொங்கிரஸ் குழு விசாரித்தது. அங்கே நிற்கும் நினைவுப் பலகை 109 பேர் இறந்ததாய்ச் சொல்கிறது. மாட்டின் செர்னியக் என்ற மருத்துவர் பிறகு ஆய்ந்து போட்ட மதிப்பீடு 764. ஒரு தொகைக்கும் மற்றதுக்கும் இடையில் நிற்கும் அறுநூற்றுச் சொச்சம் பேர் யார்? சுகமில்லாமல் போனதும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, ஊருக்குத் திரும்பி, யாரும் எண்ணாமல் செத்தவர்கள் அதில் அடக்கம்.

அண்மையில் இதே கதை குசினிக்குள் வந்தது. செயற்கைக் கல்லில் செய்யும் குசினி மேசைகளில் 90 வீதத்துக்கு மேலேகூட சிலிக்கா இருக்கலாம். அவற்றை உலர்வாய் வெட்டிய இளம் தொழிலாளர்கள் ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் அவுஸ்திரேலியாவிலும் வருத்தக்காரரானார்கள். 2024 யூலை 1 முதல் அவுஸ்திரேலியா அந்தக் கல்லையே தடைசெய்தது. உலகில் முதல் தடை அது.

எங்கட கூரை

எங்கள் உடுப்பில் படிந்தது சிலிக்காவைவிட மோசமானது. சீற் என்று நாங்கள் சாதாரணமாய்ச் சொல்வது சீமெந்தும் கல்நாரும் சேர்ந்தது. 'கல்நார்' எவ்வளவு சரியான தமிழ்ச் சொல்! கல்லாய் இருந்துகொண்டு நாராய்ப் பிரியும். பிரிந்த நார் நுரையீரலில் தைத்தால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாய் வரலாம். அதனால்தான் குற்றவாளியை யாரும் பிடிப்பதில்லை. நோய் வரும்போது சீற்றும் இல்லை, பாஸும் இல்லை, பில்லும் இல்லை.

இலங்கை 1987இல் நீலக் கல்நாரைத் தடைசெய்தது. வெள்ளைக் கல்நார் தொடர்ந்து வருகிறது, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து. அதையும் 2018 தொடக்கத்திலிருந்து படிப்படியாய்க் குறைத்து நிறுத்தப்போவதாய் அரசாங்கம் அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி, இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. கொழும்பு பதறியது. கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு என்று ரஷ்யா சொல்லவில்லை. அன்றைய பத்திரிகைகள் அப்படித்தான் வாசித்தன, நாங்களும் அப்படித்தான் வாசிக்கிறோம். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள்கூலியும், கூரையில் சீற் வெட்டும் மேசனின் நுரையீரலும் ஒரே தராசில் ஏற்றப்பட்டன. இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

கையடக்க வெட்டி இதற்குள் எங்கே வருகிறது? பெரிய தளமென்றால் ஒரு பொறியியலாளர் இருப்பார், சிலவேளை பரிசோதகரும் வருவார். சட்டப் புத்தகத்தில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் பின்பக்கம் ஐந்து நிமிடம் நடக்கும் வேலைக்கு எந்தப் பரிசோதகரும் வரமாட்டார். வயர் இருந்தவரை வேலை ஓர் இடத்தில் கட்டப்பட்டிருந்தது. வயர் போனபிறகு தூசியும் எங்கும் போகிறது: குசினிக்குள், படுக்கையறைக்குள், உடுப்புக் கொடிக்கு. மெசின் சின்னதாகச் சின்னதாக, வேலையும் சின்னது என்று நினைத்துவிடுகிறோம். அண்ணைக்கு அது ஒரு ஐந்து நிமிடம் இல்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு, வருடக் கணக்காய்.

போன கிழமை அண்ணையை மீண்டும் கண்டோம். பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு போத்தல் மூடியில் ஓட்டை போட்டு, தகடு படும் இடத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு பெடியனை வைத்திருந்தார். தூசிக்காகவோ என்று கேட்டோம். "இல்லை, தகடு சூடாகாது, டைல்ஸ் வெடிக்காது" என்றார். சீற் வெட்டும்போது ஏன் ஊற்றவில்லை? "அது லேசாய் வெட்டுப்படும் தம்பி. பிறகு, ஊத்த ஒரு ஆள் வேணும். அந்தக் காசை ஆர் தாறது?"

நாங்கள் வாசித்த இவ்வளவு வரலாற்றுக்கும் அடியில் கிடந்த கேள்வி அதுதான். ஹோக்ஸ் நெஸ்டில் தண்ணீருக்கு நேரம் செலவாகும் என்றார்கள், எங்கட முற்றத்தில் ஓர் ஆளின் அரைநாள் கூலி. அடுத்தமுறை சீற்றில் கைவைக்க வேண்டி வந்தால் வீட்டுக்காரரோடு நாங்கள் பேசவேண்டியது அந்தக் கூலியைப் பற்றித்தான். சீற்றை மெசினால் வெட்டாமல், நனைத்துக் கைவாளால், வெளியில் வைத்து அறுக்கவேண்டும். கல்நார்த் தூசிக்கு ஏற்ற முகக்கவசத்தை அண்ணைக்கும் கொடுத்து, நாங்களும் போடவேண்டும். முடிந்தால் அந்தச் சீற்றையே வாங்காமல் விடவேண்டும். வேலை அரைமணித்தியாலம் எடுக்கும். எடுக்கட்டும்.