சேமக்கலத்தில் அடைத்த ஒளி

தமிழில் 'சேமக்கலம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. கோலால் அடித்து ஒலி எழுப்பும் வெண்கலத் தட்டு ஒன்று. மின்னாற்றலைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது தரும் கலம் மற்றொன்று. இது அறிவியல் தமிழ் வளர்ந்த காலத்தில் பிறந்த பொருள். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் வாழ்வில் இவ்விரண்டின் சாயலும் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு அழைத்த உலோக ஓசை அவர்களின் பகலைத் தொடங்கி வைத்தது. கடைத்தெருப் பட்டறையில் மின்னேற்றிக் கொண்டுவந்த கலமோ அவர்களின் இரவைச் சற்றே நீட்டித் தந்தது. பால்மரக் காட்டின் பகலை நம் எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். அதன் இரவை, அதாவது ஒளியின் வரலாற்றை, ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாயாவில் மின்னாற்றல் சுரங்கத்துக்காகவே பிறந்தது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தம் வெள்ளீயச் சுரங்கத்திற்கு மின்னாக்கி எந்திரம் ஒன்றை அமைத்தனர். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதற்பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இடம்பெற்றிருப்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும். பேராக்கில் 1926ஆம் ஆண்டில் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றியது. மாலிம் நாவாரில் அனல்மின் நிலையமும், பேராக் ஆற்றின் குறுக்கே செண்டெரோ அணையும் எழுந்தன. 1930இல் செண்டெரோ இயங்கத் தொடங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்களும் ஈப்போ நகரமும் அவ்வாற்றலைப் பெற்றன. உயர்மின் கம்பிகள் பால்மரங்களுக்கு மேலாகச் சென்றன. அவற்றின் கீழிருந்த லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கம்பி அருகில் இருப்பது வேறு, ஒளி கிடைப்பது வேறு என்னும் பாடத்தை நம் முன்னோர் அன்றே கற்றனர்.

1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் தோட்டங்கள் தனியார் நிலங்கள். அவற்றினுள் மின்சாரம் வருவதும் வராததும் பெரும்பாலும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தே இருந்தன. பல தோட்டங்களில் டீசல் எந்திரம் ஒன்று மாலையில் ஓடத் தொடங்கி, இரவு பத்து மணியளவில் நிறுத்தப்பட்டது. அதன் ஓசை நின்றதும் லயங்கள் இருண்டன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டது.

இந்நிலையில்தான் மகிழுந்தின் சேமக்கலம் தோட்டத்துள் புகுந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியபின், அதனைக் காணும் ஆவல் தோட்டங்களையும் எட்டியது. பன்னிரண்டு வோல்ட் கலத்தில் இயங்கும் சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டி சில வீடுகளில் வந்து அமர, அண்டை அயலார் அங்கே கூடினர். கலம் வற்றியதும் அதை மிதிவண்டியின் பின்னால் கட்டிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று மின்னேற்றி வந்தனர்.

அக்கலங்கள் விரைவில் கெட்டன. அதற்கு வாங்கியவரும் பொறுப்பல்லர், விற்றவரும் பொறுப்பல்லர். காரணம் கலத்தின் அமைப்பிலேயே உண்டு. பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்த காரீய அமிலக் கலத்தில், காரீயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்னாற்றல் வெளியேறும்போது தகடுகளின்மேல் காரீய சல்பேட்டு படியும். மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். கலத்தை வற்றிய நிலையிலேயே விட்டுவைத்தால் அப்படிவு கடினமான படிகமாகி, மீண்டும் கரைவதில்லை. மேலும், மகிழுந்துக் கலம் எந்திரத்தைக் கிளப்பச் சில விநாடிகள் பேராற்றல் தரவே ஆக்கப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. இரவுதோறும் அடிவரை உறிஞ்சும் பணிக்குத் தடித்த தகடுடைய கலம் வேண்டும். குதிரையின் வேலைக்குப் பிறந்ததை எருதின் வேலையில் பூட்டியதே அன்று நேர்ந்த பிழை.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம், குடிநீரோடு மின்வசதியையும் முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அக்காலத்திலேயே ரப்பர் தன் இடத்தைச் செம்பனைக்கு விட்டுக்கொண்டிருந்தது. தோட்டங்கள் பல கைமாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று கம்பி எட்டாமல் எஞ்சியிருப்பவை, செம்பனைக்கு நடுவே நிற்கும் பழைய கோயில்களும், தோப்பு வீடுகளும், மாட்டுப்பட்டிகளும், காட்டோரக் குடியிருப்புகளுமே.

இவ்விடத்தில் மற்றொரு மக்களின் கதையையும் கூறாமல் இருத்தல் நேர்மையாகாது. 1970களில் உலு பேராக்கில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது, ஓராங் அஸ்லி மக்கள் தம் பழைய வாழிடங்களை நீருக்கு விட்டு மீள்குடியமர்ந்தனர். அவ்வணையின் மின்னாற்றல் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்றது. அவர்களின் குடியிருப்பாகிய கெமாரிலோ, பின்னாளில் டீசல் எந்திரத்தோடு இணைந்த சூரிய ஒளி நிலையம் அமைக்க நேர்ந்தது. செண்டெரோவின் கம்பிக்குக் கீழே இருளில் இருந்த நம் முன்னோர்க்கு இவர்களின் நிலை நன்கு விளங்கியிருக்கும்.

சூரிய ஒளித் தகடு பகலில்தான் மின்னாற்றல் தரும். விளக்கு வேண்டுவதோ இரவில். ஆகவே சேமக்கலமே அவ்வமைப்பின் உயிர். இன்று அங்குக் காரீயத்தோடு போட்டியிடுவது லித்தியம். விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகியோரின் ஆய்வால் உருவான லித்தியம் அயனிக் கலம் 1991இல் சந்தைக்கு வந்தது. 2019இல் அம்மூவரும் நோபல் பரிசு பெற்றனர். வீட்டுச் சூரிய அமைப்புகளில் மிகுதியாகப் பயன்படுவது, குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளிப்படுத்திய லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு வகை. அது பிற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாத தன்மையுடையது.

இரண்டையும் ஒரு சிறு கணக்கால் ஒப்பிடுவோம். பத்து வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிய 200 வாட் மணி வேண்டும். நாற்பது வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழல 320 வாட் மணி வேண்டும். ஆக ஓரிரவுக்கு 520. பன்னிரண்டு வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட காரீயக் கலம் 1,200 வாட் மணி கொள்ளும். நீண்டநாள் உழைக்க வேண்டுமாயின் அதிற் பாதியையே எடுத்தல் நலம். எனவே ஓரிரவுக்குத்தான் போதும். அதே அளவுடைய லித்தியக் கலத்தில் எண்பது விழுக்காடு எடுக்கலாம். ஏறத்தாழ ஈரிரவு தாங்கும். எடையும் காரீயத்திற்கு 30 கிலோ அளவு. லித்தியத்திற்கு 12 கிலோ அளவு.

பேராக்கின் வானம் இவ்வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல்தோறும் இடிமழை கொட்டும். காலை வெயில் மட்டுமே கிடைக்கும் அந்நாள்களில் கலம் நிறையாது. பாதி நிறைந்த நிலையிலேயே வாரக்கணக்கில் இருப்பது காரீயத்திற்கு நஞ்சு. லித்தியம் அதைப் பொருட்படுத்துவதில்லை. நம் நாட்டு வெப்பமும் இரண்டுக்கும் பகையே. 25 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் காரீயக் கலத்தின் ஆயுள் பாதியாகும் என்பர். தகரக் கூரைக்கடியில் கலத்தை வைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கூறினால் லித்தியமே வென்றது எனத் தோன்றும். ஆயின் நம்பகம் என்பது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மட்டுமன்று. கெடும்போது எவ்வாறு கெடும் என்பதும் ஆகும். காரீயக் கலம் முதியவரைப்போல் மெல்ல மெல்லத் தளரும். அமிலத்தின் அடர்த்தியை அளந்து அதன் நலிவை முன்கூட்டியே அறியலாம். வடிநீர் ஊற்றி ஓரளவு காக்கலாம். லித்தியக் கலத்தின் உள்ளேயோ காவல் மின்சுற்று ஒன்று உண்டு. ஆற்றல் ஓர் எல்லைக்குக் கீழ் சென்றால் அது கதவைச் சாத்திவிடும். விளக்குகள் முன்னறிவிப்பின்றி அணையும். அவ்வாறு அடைபட்ட கலத்தை மறுநாள் வெயிலாலும் எழுப்ப இயலாத மின்னேற்றிகள் உண்டு. அக்காவற்சுற்றே பழுதுற்றால், கிராமத்துப் பட்டறையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. எனவே, பொருத்தமான மின்னேற்றியும், அழைத்தால் வரக்கூடிய தேர்ந்த ஆளும் உள்ள இடத்தில் லித்தியமே தக்கது. வாரந்தோறும் கலத்தைப் பார்த்து நீர் ஊற்றும் பொறுப்பாளர் உள்ள இடத்தில், தடித்த தகடுடைய காரீயமும் கைவிடாது. பொறுப்பாளர் இல்லாத இடத்தில் எதுவும் நிலைக்காது.

ஒளிக்கு எச்சமும் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982 முதல் இயங்கிய அரியமண் தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் வழக்காடினர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்று, 1993இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அது வேறு பொருள், வேறு தொழில். ஆனால் அது தந்த பாடம் சேமக்கலத்திற்கும் பொருந்தும்: பழங்கலத்தை எங்கே போடுவது என்பதைப் புதுக்கலம் வாங்கும்போதே கேட்க வேண்டும். காரீயத்தை மறுபடியும் உருக்கிப் பயன்படுத்தும் தொழில் பழையது. ஆனால் கொல்லையில் உருக்கினால் அதன் புகை குழந்தைகளின் மூளையைத் தாக்கும். லித்தியத்தை மீட்கும் தொழிலோ இன்னும் இளமையிலேயே உள்ளது.

நம் முன்னோர் ஒளியைப் பிறர் நிறுத்தும் நேரம்வரையே பெற்றனர். மிதிவண்டியில் கலத்தைச் சுமந்த அத்தொழிலாளி நாடியது தொலைக்காட்சியை மட்டுமன்று. பத்து மணிக்குப் பின்னும் தன் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமா என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையையே அவன் நாடினான். இன்று கூரைமேல் விழும் வெயில் அவ்வுரிமையைத் தருகிறது. அதைக் காக்கும் அறிவை நம் பள்ளிகள் தரவேண்டும். அறிவியல் பாடத்தில் சேமக்கலத்தை விளக்கும் ஆசிரியர், அதனோடு இவ்வரலாற்றையும் ஒரு நாழிகை கூறுவாராயின், மாணவர் அக்கலத்தின் எடையைச் சரியாக உணர்வர்.