முட்டையடுப்பிலிருந்து வந்த பெட்டி

சென்னை ரிச்சி தெருவில் தெர்மோஸ்டாட் கேட்டேன். விலை சொல்வதற்கு முன் கடைக்காரர் கேட்டார்: "முட்டைக்கா சார்?"

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி வீட்டிலேயே இன்குபேட்டர் செய்துகொள்கிறார்கள். பல்பைத் தானாக ஏற்றி அணைக்கும் இந்தச் சின்னப் பெட்டியைத் தேடி அவர்கள்தான் நிறைய வருகிறார்கள். எனக்கு வேண்டியது மயிலாப்பூரில் அக்கா மகன் வளர்க்கும் பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்புக்கு. "பாம்புக்கு" என்றதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோழிக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. தெர்மோஸ்டாட்டின் தாய்வீடே முட்டையடுப்புதான்.

அந்த வீட்டுக்காரர் கொர்னேலிஸ் டிரெபல். 1572இல் ஹாலந்தின் அல்க்மார் ஊரில் பிறந்து, லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவில் விதவிதமான கருவிகள் செய்தவர். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிப் படகு விட்டவரும் அவரே. ஒரே சூட்டில் நாள்கணக்கில் வைத்திருந்தால் மட்டமான உலோகம் பொன்னாகும் என்று ரசவாதிகள் நம்பிய காலம் அது. அப்படி வைத்திருக்க அடுப்பருகே ஒருவர் ராப்பகலாகக் கண்விழிக்க வேண்டும். அந்த ஆளின் இடத்தில் டிரெபல் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். குழாயில் ஆல்கஹால், அதை ஒட்டிப் பாதரசம். சூடு ஏறினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசத்தின் மேல் மிதக்கும் கம்பி எழும்பிக் காற்றுவழியை மூடும், தீ அடங்கும். சூடு தணிந்தால் கம்பி இறங்கும், வழி திறக்கும், தீ மறுபடி மூளும். இதே ஏற்பாட்டை முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் செய்தார். பொன் விளையவில்லை. முட்டைப்பெட்டி பிழைத்துக்கொண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பொன்மேன் என்பவர், சூட்டில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகங்களைக் கொண்டு அதே வேலையை வாங்கி, பாரிஸ் சந்தைக்குக் கோழிக்குஞ்சு பொரித்தார். 'தெர்மோஸ்டாட்' என்று பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர், 1830இல். இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிவிட்டால் சூட்டில் ஒன்று அதிகம் நீண்டு, பட்டை ஒரு பக்கம் வளையும். நம் இஸ்திரிப் பெட்டிக்குள் 'டக்' என்று கேட்பது அந்த வளைவின் சத்தம். 1883இல் அமெரிக்க ஆசிரியர் வாரன் ஜான்சன் வகுப்பறைச் சூட்டுக்கு மின்சாரத் தெர்மோஸ்டாட் செய்து காப்புரிமை வாங்கினார். அதன்பின் அது ஊரெங்கும் பரவிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

இவர்களுக்கெல்லாம் மூத்தது மலைப்பாம்பு. சில மலைப்பாம்பு இனங்களில் தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை வெட்டி வெட்டி இழுத்துத் தன் உடம்பிலேயே சூட்டை உண்டாக்கும். குளிர்ரத்தப் பிராணி அடைகாக்கிறது என்றால் அறிஞர்கள் லேசில் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் வாலென்சியென் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதினார். 1966இல் நியூயார்க்கில் ஒரு பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள்: சுற்றுப்புறம் குளிரக் குளிரத் தசைத் துடிப்பு வேகமாகிறது. டிரெபலின் கம்பி செய்ததும் அதுதானே!

இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமான பகுதி நடந்தது நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில். கிண்டியில் பாம்புப் பண்ணையை நிலைநிறுத்திய ரோமுலஸ் விட்டேகர், 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். ஊர்வன சிலவற்றில் ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் சூடே தீர்மானிக்கிறது என்று அதற்குப் பத்தாண்டு முன்பே, 1966இல், செனகலில் மேடலின் ஷார்னியே ஒரு ஓணான் இனத்தில் கண்டு சொல்லியிருந்தார். நம் சதுப்புநில முதலைக்கு அது எப்படி? ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூவரும் முட்டைகளை வெவ்வேறு நிலையான சூட்டில் வைத்துப் பார்த்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண். 32.5இல் எல்லாம் ஆண். அதற்கு அரை டிகிரி இப்படி அப்படிப் போனால் இரண்டும் கலந்து வந்தன.

அரை டிகிரி! வாரக்கணக்கில் அந்த அரை டிகிரியைப் பிடித்து வைத்திருக்க ஒரு கருவி இல்லாவிட்டால் இந்த உண்மை நம் கைக்கு வந்திருக்காது. பெசன்ட் நகர் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் புதைக்கிறார்கள். அங்கே மணல்தான் பெட்டி. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் சூடே தீர்மானிக்கிறது, ஆனால் கணக்கு வேறு: மணல் சூடேறினால் பெண்குஞ்சு பெருகும்.

விலை குறைந்த தெர்மோஸ்டாட் போதுமா என்று அக்கா மகன் கேட்டபோது நான் இந்த 32.5ஐத்தான் நினைத்தேன். "மாமா, இதுல பிளஸ் ஆர் மைனஸ் ஒரு டிகிரின்னு போட்டிருக்கே?" என்றான். முதலை முட்டைக்கு ஒரு டிகிரிப் பிழை ஆகாது. வளர்ந்த பாம்புக்கு அது பெரிதில்லை. பெட்டியின் ஒரு பக்கம் 32ஐ ஒட்டியும் மறுபக்கம் 26, 27ஆகவும் இருந்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். துல்லியத்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, கருவி கெட்டால் பாம்பு சாகாமல் இருக்கச் செலவழி என்றேன். (அவனுடையது வெளிநாட்டு இனம், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாயிற்று. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.)

கடையில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்று டபிள்யூ-1209: உறையில்லாத சர்க்யூட் போர்டு, 12 வோல்ட், மிக மலிவு. ஆனால் 230 வோல்ட் ஓடும் ஒயரை அந்தத் திறந்த போர்டில் முறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் வாங்கியது எஸ்.டி.சி-1000. உறையோடு வரும், நேரடி மின்சாரத்தில் ஓடும், சூட்டை ஏற்றி அணைக்க ஒரு ரிலே சுவிட்ச், குளிர்ச்சிக்கு ஒரு ரிலே. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தெரு எலக்ட்ரீஷியனே ஒயரிங் செய்து கொடுத்தார்.

மாட்டுவதற்கு முன் சென்சார் முனையை வெந்நீர் டம்ளரில் விட்டுப் பார்த்தோம். வெளியே எடுத்து ஆறவிட்டபோது எண் 31.2, 31.1, 31.0 என்று இறங்கியது, 'டிக்'. சூட்டு விளக்கு எரிந்தது. 32இல் வைத்து, இடைவெளி ஒரு டிகிரி கொடுத்திருந்தோம். இடைவெளியை மிகவும் குறைத்தால் ரிலே ஓயாமல் தட்டித் தட்டிச் சீக்கிரம் தேயும். தேய்ந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கும், பெட்டியின் அடியில் சூடு கொடுக்கும் ஹீட்டிங் பேட் அணையாது. அதனால் பேடைக் குறைந்த வாட்டில் வாங்கினோம். அதன் மேலேயே 40 டிகிரியில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சின்ன இரட்டை உலோகப் பட்டை கட்-ஆஃப் ஒன்றையும் வரிசையில் சேர்த்தோம். பொன்மேன் குஞ்சு பொரித்த அதே தத்துவம், இன்றைக்குச் சில பத்து ரூபாய்.

சென்சாரை ஒட்ட வேண்டிய இடம் பேடுக்கும் பெட்டித் தரைக்கும் நடுவே. உள்ளே விட்டால் பாம்பு நகர்த்திவிடும். சென்சார் குளிர்ந்த மூலைக்குப் போனால் பேட் நிறுத்தாமல் எரியும். உள்ளே ஒரு தனித் தெர்மாமீட்டர் வைத்துத் தினமும் பார்க்கச் சொன்னேன்.

மார்கழி ராத்திரியில் சென்னை 20, 21 வரை இறங்கும்; பக்கத்து அறை ஏ.சி.யும் ஓடினால் பேடுக்கு நல்ல வேலை. சித்திரை பிறந்தால் பேட் பெரும்பாலும் தூங்கும், குளிர்ச்சி ரிலேயில் மாட்டிய விசிறிக்கு முறை வரும். விசிறி அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, பெட்டிக்குள் தேங்கியதை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்துப் பகல்களில் பெட்டியை மாடி அறையிலிருந்து கீழே கூடத்துக்கு இறக்குவதாகப் பேச்சு. அக்கா பூஜை அறைப் பக்கச் சுவரை விட்டுத்தரச் சம்மதித்துவிட்டாள்.