மேடையிலிருந்து மன்றத்திற்கு: எஸ்.எஸ். இராசேந்திரனின் தேர்தல் பயணமும் ஜெலாப்பாங் எழுப்பும் வினாவும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனை இலக்கியத்தின் ஒரு கிளையாகவே நோக்கினர். நாடகக் கலைஞர் மக்கள் பேராளராக மாறிய வரலாறு, திரைப்படச் செல்வாக்கின் பின்விளைவு என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. ஈப்போவின் புறநகரான ஜெலாப்பாங்கில் ஒரு மேடைக் கலைஞர் மக்கள் பதவிக்குப் போட்டியிட விரும்பினால் அவருக்கு எந்தப் படி முதற்படியாக அமையும்? இவ்வினாவிற்கு விடை காணத் தமிழகத்தின் எஸ்.எஸ். இராசேந்திரனது வாழ்க்கை உதவும். புகழ் வாக்காக மாறுவதற்கு இடையே அமைப்பு ஒன்று தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

மேடைப் பயிற்சி

மதுரை மாவட்டம் சேடபட்டியில் 1928ஆம் ஆண்டு பிறந்த இராசேந்திரன் சிறுவயதிலேயே பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றார். அக்காலத்து நாடகக் குழுக்கள் ஒருவகையில் பள்ளிகளாகவே விளங்கின. பாடம் ஒப்பித்தல், உச்சரிப்பு, பாட்டு, கூட்டு வாழ்க்கைக்குரிய கட்டுப்பாடு ஆகியவற்றைச் சிறுவர்கள் அங்கே கற்றனர். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டுசெல்லும் ஆற்றலும் அப்பயிற்சியால் கைவந்தது. இராசேந்திரனின் தெளிந்த தமிழ் உச்சரிப்பு பிற்காலத்தில் பெரிதும் பாராட்டப்பட்டதற்கு இதுவே அடித்தளம் எனலாம்.

திராவிட இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்ட அவர், 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் பங்கேற்றார். 1952இல் வெளிவந்த 'பராசக்தி' அவரைத் திரையில் நிலைநிறுத்தியது. புராணக் கதைப் படங்களில் நடிக்க மறுத்த கொள்கை உறுதியினால் 'இலட்சிய நடிகர்' என்னும் பெயர் பெற்றார். வருவாய் தரும் வாய்ப்புகளைக் கொள்கைக்காகத் துறத்தல் அரசியல் வாழ்வுக்கு முன்பே அவர் மேற்கொண்ட அரசியற் செயலாகும்.

தோல்வியும் வெற்றியும்

தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் இறங்கிய ஆண்டு 1957. தேனித் தொகுதியில் போட்டியிட்ட இராசேந்திரன் காங்கிரசு வேட்பாளரிடம் தோற்றார். திரையில் அறிமுகமான முகம், பயிற்சி பெற்ற குரல், சொந்த மாவட்டம் ஆகிய மூன்றும் இருந்தும் வெற்றி கிட்டவில்லை என்பது கவனத்திற்குரியது. அத்தேர்தலில் கழகம் 15 இடங்களையே பெற்றது.

அடுத்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை உள்ளாட்சித் தேர்தல்களை விடுத்து விளக்க இயலாது. 1959இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. வெற்றி பெற்று மேயர் பதவியையும் கைப்பற்றியது. வீடு வீடாகச் செல்லுதல், வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தல், தெருவிளக்கு, குடிநீர் முதலிய அன்றாடச் சிக்கல்களைப் பேசுதல் ஆகியவற்றில் தொண்டர்கள் பயிற்சி பெறுவதற்கு உள்ளாட்சிக் களம் இடமளித்தது. 1962 பொதுத்தேர்தலில் கழகம் 50 இடங்களை வென்றது. தேனியில் மீண்டும் நின்ற இராசேந்திரன் இம்முறை வெற்றி பெற்று, தேர்தல் வழியாகச் சட்டமன்றம் புகுந்த முதல் நடிகர் என்னும் சிறப்பை எய்தினார். அதே தேர்தலில் கழகத் தலைவர் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆகவே, கட்சி அலை ஒன்றே அனைவரையும் கரைசேர்த்தது என்று கூறுதலும் பொருந்தாது. தொகுதியில் வேரூன்றிய உழைப்புக்கும் அதில் பங்குண்டு. பின்னர் 1970 முதல் 1976 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும், 1980இல் அ.தி.மு.க. சார்பில் ஆண்டிப்பட்டிச் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றிய அவர் 2014இல் மறைந்தார்.

மற்றொரு வழி

இராசேந்திரனுக்கு முன்பே மன்றம் புகுந்த கலைஞர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ஆவார். 1937 தேர்தலில் காங்கிரசுக்காகப் பாடிப் பரப்புரை செய்த அவர், 1951இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். மேலவை, மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவையன்று. மக்களைத் திரட்டிய குரலுக்கு மக்களின் வாக்கு கேட்கும் வாய்ப்பு அமையாமல், கட்சி வழங்கிய இடமே அமைந்தது. இவ்விருவரும் 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்தில் ஒருங்கே நடித்தனர். ஒருவர் கோவலன், மற்றவர் கவுந்தியடிகள். நியமன வழியும் தேர்தல் வழியும் ஒரே திரையில் சந்தித்தன எனலாம்.

ஜெலாப்பாங்கின் நிலை

இவ்விரு வழிகளையும் பேராக்கோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. மலாயாவில் 1951 முதல் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. ஈப்போ நகராண்மைக் கழகத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி கைப்பற்றி வலிமை பெற்றது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கியது. அதன்பின் ஜெலாப்பாங்கை உள்ளடக்கிய ஈப்போ மாநகர் மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசே நியமித்து வருகிறது.

எனவே ஜெலாப்பாங் கலைஞர் ஒருவருக்கு இரு வாயில்களே உள்ளன. ஒன்று, சுந்தராம்பாளுக்குக் கிட்டியது போன்ற நியமனம். மற்றொன்று, நேராகச் சட்டமன்றத் தொகுதி. அத்தொகுதியும் எளிய களமன்று. 2009 பிப்ரவரியில் பேரா மாநில ஆட்சி கவிழக் காரணமான மூன்று உறுப்பினர்களின் விலகலில் ஜெலாப்பாங் உறுப்பினரின் விலகலும் ஒன்றாகும். ஓர் இடம் ஓர் அரசையே அசைக்கும் நிலையில், அனுபவமற்ற புதியவரை நிறுத்தக் கட்சிகள் தயங்குதல் இயல்பே.

மொழியும் மற்றொரு தடையாகும். தேனியில் இராசேந்திரனின் தமிழ் எல்லா வாக்காளரையும் எட்டியது. சீன வாக்காளர் பெரும்பான்மையாக வாழும் ஜெலாப்பாங்கில் தோட்டத் திருவிழா மேடையிலும் கோயில் மேடையிலும் தேர்ந்த தமிழ்க்குரல் ஒரு பகுதியினரையே எட்டும். எஞ்சியோரின் நம்பிக்கையைப் பெற, வடிகால், குப்பை, சாலை போன்ற பொதுச் சிக்கல்களில் ஆற்றும் பணியே மொழியாக அமைய வேண்டும். அப்பணிக்குரிய பயிற்சிக்களம் உள்ளாட்சி மன்றமே. தேர்தல் இல்லாமற்போன படி எதுவோ அதுவே கலைஞருக்கு மிகவும் தேவைப்படும் படியாகவும் உள்ளது.

முடிவுரை

இராசேந்திரனின் வாழ்க்கையில் 1962ஆம் ஆண்டு வெற்றியைக் காட்டிலும் 1957ஆம் ஆண்டுத் தோல்வி நமக்கு அதிகம் கற்பிக்கிறது. மேடை கூட்டத்தைச் சேர்த்தது. கூட்டத்தை வாக்காக மாற்றியது கிளை அமைப்பும் காலமும் தொகுதி உழைப்பும் ஆகும். உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் கொணர்தல் பற்றிய விவாதம் மலேசியாவில் பெரும்பாலும் இன விகிதத்தை ஒட்டியே நிகழ்கிறது. எளிய பின்புலம் உடையோர் சிறு களத்தில் தோற்று, கற்று, மீண்டும் எழுவதற்கான வாய்ப்பு என்ற நோக்கிலும் அதனை ஆராய்தல் வேண்டும். நாடக வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் கலைஞரின் மேடை வாழ்வோடு அவரது குடிமை வாழ்வையும் இணைத்துக் கற்பிப்பார்களாயின், அவ்வாய்வுக்கு வகுப்பறையிலேயே தொடக்கம் அமையும்.