யந்திரம் சொன்ன கணக்கு

"யந்திரம் பொய் சொல்லாது" என்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். சம்பளத்திலே இரண்டு வெள்ளி குறைகிறதென்று கேட்பவருக்கும், பாங்கியிலே கணக்கு ஒத்துவரவில்லை என்று முறையிடுபவருக்கும் இந்த ஒரு வாக்கியமே பதிலாகக் கிடைக்கிறது. குறிகாரன் வாக்குக்கு மறுவாக்கில்லை என்றிருந்த காலம் போய், கம்ப்யூட்டர் வாக்குக்கு மறுவாக்கில்லை என்னும் காலம் வந்திருக்கிறது. பத்திரிகைகளும் இதற்குத் துணைநிற்கின்றன. புதிய யந்திரமொன்று வருகிறதென்றால், அதைச் செய்து விற்கும் கம்பெனியார் எழுதிக் கொடுத்ததையே செய்தியென்று அச்சிட்டுவிடுகிறார்கள். அது பிழை செய்தால் யார் பொறுப்பு என்று கேட்கும் பத்திரிகை அரிது.

யந்திரம் பொய் சொல்லாதென்பது மெய்யே. பொய் சொல்ல உள்நோக்கம் வேண்டும். அது யந்திரத்துக்குக் கிடையாது. பிழை செய்வதற்கோ உள்நோக்கம் வேண்டுவதில்லை. அப்பிழையை அறிந்தும் மறைக்க மனிதர்கள் இருந்துவிட்டால் பொய் தானே உண்டாகிவிடுகிறது. பிரிட்டனிலே தபாலாபீஸ் கணக்கின் பேரால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அநியாயத்தின் வரலாறு இதற்குச் சான்று. கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிமார் யாவரும் அதனை அறிந்திருத்தல் நலம். யானும் அவர்களுள் ஒருவனாதலின் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரிட்டனிலுள்ள தபாலாபீஸ்களிற் பெரும்பாலானவை சர்க்கார் சிப்பந்திகளால் நடத்தப்படுபவையல்ல. கிராமத்திலோ பட்டணத்துத் தெருமூலையிலோ கடை வைத்திருக்கும் ஒருவர், தபால் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கடையின் ஒரு பக்கத்திலே தபால் வேலையையும் நடத்துவார். இவரைச் சப் போஸ்ட்மாஸ்டர் என்பர். புருஷனும் மனைவியுமாக உழைத்து, சேமித்ததையெல்லாம் போட்டு, இந்த வேலையை வாங்கினவர்கள் பலர். இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களும் அவர்களிலே உண்டு. தம்முடைய அஜாக்கிரதையாலோ பிழையாலோ பணம் குறைந்தால் அதனை ஈடுசெய்ய வேண்டியது அவர் பொறுப்பென்பது ஒப்பந்தம். நிர்வாகத்தாரோ, குறைவு எதனால் வந்ததாயினும் அவர் பொறுப்பே என்று அதற்குப் பொருள் பண்ணிக்கொண்டனர். வாசகத்துக்கும் வழக்கத்துக்கும் இடையிலிருந்த இந்தச் சிறு சந்திலேதான் அத்தனை குடும்பங்களும் விழுந்தன.

1996-ஆம் ஆண்டில் ஐ.சி.எல். பாத்வே என்னும் கம்பெனியோடு ஒரு கண்டிராக்டு ஏற்பட்டது. பென்ஷன் முதலிய உதவிப் பணங்களை அட்டை மூலம் பட்டுவாடா செய்வதும், தபாலாபீஸ் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நோக்கம். 1999 மே மாதத்தில் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. செலவழித்த பணத்துக்கு ஏதாவது ஒன்று மிஞ்சவேண்டுமே! எஞ்சிய கணக்கு யந்திரத்தைத் தபாலாபீஸ் தலையிலே கட்டினார்கள். 'ஹொரைசன்' என்பது அதன் பெயர். ஐ.சி.எல். கம்பெனி அதற்கு முன்னரே ஜப்பானிய பியூஜிட்சு கம்பெனிக்குச் சொந்தமாகியிருந்தது. இராணுவம் நீங்கலாக, ஐரோப்பாவிலேயே இதனினும் பெரிய கம்ப்யூட்டர் ஏற்பாடு இல்லையென்று பெருமை பேசப்பட்டது. ஆரம்ப நாளிலிருந்தே அதிற் பிழைகள் இருந்தன என்பதை அக்கம்பெனியின் ஐரோப்பியத் தலைமை அதிகாரி 2024 ஜனவரியிலே விசாரணைக் கமிஷன் முன்னர் ஒப்புக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த உண்மை!

கையால் எழுதும் கணக்குக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கிராணிமாருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. செக்ரோலிலே ஆள்பேரும் எடையும் எழுதியிருக்கும் தோட்டத்தில், சம்பளம் குறைகிறதென்று ஒருவர் வந்தால் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னே வைக்கலாம். வரிவரியாக விரல் வைத்துப் பார்க்கலாம். அடித்ததும் திருத்தியதும் மையிலே தெரியும். எழுதியவர் கையெழுத்தும் தெரியும். ஹொரைசன் யந்திரமோ, இவ்வளவு குறைகிறதென்று ஒரு தொகையை மட்டும் காட்டிற்று. அத்தொகை எவ்வழியாக வந்ததென்று தேடிப் பார்க்கும் வசதி கடைக்காரருக்கு இல்லை. அந்தத் தகவல் பியூஜிட்சுவிடம் இருந்தது.

முன்னெல்லாம் தகராறுள்ள தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கிலே நிறுத்திவைக்க இடமிருந்தது. 2005-இல் அதனையும் எடுத்துவிட்டார்கள். கணக்கு முடிக்கும் நாளன்று, யந்திரம் காட்டிய குறைவைக் கைப்பணத்தால் நிரப்பவேண்டும். அல்லது பிற்பாடு கட்டுவதாக ஏற்கவேண்டும். இரண்டும் இயலாதவர், இல்லாத பணம் இருப்பதாகக் கையெழுத்திடவேண்டும். கணக்கு முடியாவிட்டால் மறுநாள் கடை திறக்க முடியாது. அப்படிக் கையெழுத்திட்டவரைப் பொய்க்கணக்கு எழுதிய குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். பொய்க்கணக்கை எழுதவைத்தது எது என்று கோர்ட்டிலே கேட்பாரில்லை.

ஹாம்ப்ஷைர் மாகாணத்திலே சவுத் வார்ன்பரோ என்னும் கிராமத்தில் தபாலாபீஸ் நடத்திய ஜோ ஹாமில்டன் என்னும் மாது, கணக்கிலே 2,000 பவுன் குறைவதைக் கண்டு உதவிக்காகத் தலைமை நிலையத்துக்கு டெலிபோன் செய்தார். அவர்கள் சொன்னபடி செய்துகொண்டிருக்கையிலேயே, கண்ணெதிரில் அந்தக் குறைவு 4,000 பவுனாக இரட்டித்தது. முடிவில் 36,000 பவுன் குறைவென்றார்கள். திருட்டுக் குற்றத்தைக் கைவிடுவதாகச் சொல்லிப் பொய்க்கணக்குக் குற்றத்தை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அவருடைய யோக்கியதையை அறிந்திருந்த கிராமத்தார் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரில் லீ காசில்டன் என்பவர் கட்டமாட்டேன் என்று எதிர்த்து நின்றார். ஏறக்குறைய 25,000 பவுனுக்காக நிர்வாகத்தார் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். வக்கீல் வைக்க வழியின்றித் தாமே வாதாடி, 2007-இல் தோற்றார். வழக்குச் செலவென்று அவர் தலையில் விழுந்தது 321,000 பவுன்! இருபத்தையாயிரத்தை வசூலிக்க மூன்று லட்சத்துக்கு மேல் செலவழித்த நிர்வாகம் பணத்தை எண்ணியா செய்தது? யந்திரத்தை எதிர்ப்பவர் கதி இதுவென்று மற்றவர்க்குக் காட்டவே செய்தது என்று நான் கருதுகிறேன்.

வெஸ்ட் பைப்ளீட் ஊரில் சீமா மிஸ்ரா என்னும் இந்தியப் பெண்மணி 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அன்று அவர் கர்ப்பவதி. அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாளும் அன்றுதான்.

இவர்கள் ஒவ்வொருவரும் டெலிபோனில் முறையிட்டபோது பலருக்கும் கிடைத்த பதில், "வேறெவரும் இப்படிச் சொல்லவில்லையே, உமக்கு மட்டுந்தான் இப்படி நேருகிறது" என்பது. 1999 முதல் 2015 வரை தண்டனை பெற்றவர்கள் 900-க்கும் அதிகம். இவர்களில் ஏறக்குறைய 700 பேரைப் போலீசார் குற்றம் சாட்டவில்லை. தபால் நிர்வாகமே சாட்டிற்று. பிராதுக்காரரும் அவரே, துப்பறிபவரும் அவரே, வழக்கு நடத்துபவரும் அவரே, பணத்தை வசூலிப்பவரும் அவரே என்றால் நியாயம் எந்த வாசல் வழியாக உள்ளே வரும்? சந்தேகிக்கப்பட்டவர்களை நிறத்தாலும் இனத்தாலும் வகைப்படுத்தும் படிவமொன்றை நிர்வாகத்தின் துப்பறிவோர் உபயோகித்து வந்ததும் 2023-இல் வெளியாயிற்று. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

சட்டம் எங்கே போயிற்று என்று வாசகர் கேட்கலாம். பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டின் போலீஸ், கிரிமினல் சாட்சியச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கணக்கைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர், அந்த யந்திரம் ஒழுங்காக வேலை செய்ததென்று காட்டவேண்டுமென விதித்திருந்தது. இது வீண் தொல்லையென்று கருதிச் சட்டக் கமிஷன் 1997-இல் அதனை நீக்கச் சிபார்சு செய்தது. 1999-இல் நிறைவேறிய சட்டத்தால் அது நீக்கப்பட்டு, 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்பின் யந்திரம் சரியாகவே வேலை செய்ததென்று கோர்ட்டு அனுமானிக்கும். இல்லையென்பவர் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும். கடிகாரத்துக்கும் வீதிச் சந்திப்பிலுள்ள விளக்குக்கும் ஏற்பட்ட அனுமானத்தை, லட்சக்கணக்கான வரிகளாக எழுதப்பட்ட கட்டளைகளால் ஓடும் ஒரு யந்திரத்துக்கும் பொருத்திவிட்டார்கள். கடிகாரம் பிழையானால் சூரியனைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். பூட்டிய அறையில் இருக்கும் கணக்கை எதைப் பார்த்துக் கண்டுகொள்வது? ஹொரைசன் யந்திரம் எல்லாத் தபாலாபீஸ்களுக்கும் பரவியதும் இதே சமயத்தில்தான்.

பூட்டிய அறைக்குள்ளே இருந்தவர்களுக்கோ விஷயம் தெரியும். ஸ்காத்லாந்திலே பால்கர்க் ஊரின் காலண்டர் ஸ்குவேர் கிளையின் பெயரால் வழங்கும் பிழை, 2000 முதல் 2006 வரை இருந்து வந்தது. 2010-இல் 62 கிளைகளைப் பாதித்த வேறொரு பிழையைக் குறித்துக் கம்பெனியாரும் நிர்வாகத்தாரும் கூடிப் பேசினர். அந்தக் கூட்டத்தின் குறிப்பில், இது வெளியே தெரிந்தால் கடைக்காரர்கள் மற்றக் குறைவுகளுக்கும் யந்திரத்தைக் காரணம் சொல்லுவார்களே என்ற கவலை எழுதப்பட்டிருக்கிறது. கிளையின் கணக்கைக் கிளைக்குத் தெரியாமலே திருத்தும் யோசனையும் அதில் உண்டு. சீமா மிஸ்ராவின் வழக்கு நடந்தது அதே ஆண்டின் இறுதியிலே. அந்தக் குறிப்பு ஜூரிகளுக்குக் காட்டப்படவில்லை.

2015-இல் டால்மெலிங்டன் என்னும் ஸ்காத்லாந்து ஊரிலே 8,000 பவுனை ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்கு மாற்றியபோது திரை உறைந்து நின்றது. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த, ஒவ்வோர் அழுத்தலுக்கும் 8,000 கூடி, 24,000 பவுன் இல்லாத பணம் கணக்கில் ஏறிற்று. பியூஜிட்சு சிப்பந்திகள் தூரத்திலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்றக்கூடும் என்பதையும் நிர்வாகத்தார் பல ஆண்டுகள் மறுத்தே வந்தனர்.

வேல்ஸிலே லாண்டுட்னோவில் தபாலாபீஸ் நடத்தி, 2003-இல் ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்ட ஆலன் பேட்ஸ் என்பவரின் விடாமுயற்சியே முடிவில் இதனை உடைத்தது. 2009 மே மாதத்தில் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்னும் தொழிற்பத்திரிகை ஏழு கடைக்காரர்களின் வரலாற்றை வெளியிட்டது. பெரிய பத்திரிகைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டே பேட்ஸும் மற்றவர்களும் ஒரு சங்கம் அமைத்தனர். தமக்கு மட்டுந்தான் நேர்ந்ததென்று நம்பியிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டது அப்பொழுதுதான்.

மேற்பார்வை செய்யவேண்டிய சர்க்கார் என்ன செய்தது? இங்கே முதலாளி தனியாருமல்லர். தபாலாபீஸின் பங்கு முழுதும் சர்க்காருடையது. ஆயினும், நிர்வாகக் காரியத்தில் தலையிடுவதில்லை என்பதே மந்திரிகளின் மாறாத பதில். 2010 மே மாதத்தில் பேட்ஸ் சந்திக்க வேண்டியபோது தபால் இலாகா மந்திரி எட் டேவி முதலில் மறுத்தார். பிறகு அவ்வாண்டிலேயே சந்தித்தார். பலனில்லை. லாபம் வந்தால் உடைமை, பழி வந்தால் தூரம் என்னும் இந்த உறவை என்னவென்பது? பார்லிமெண்டு அங்கத்தினர் ஜேம்ஸ் ஆர்பத்நாட் முதலியோரின் நெருக்குதலால், 2012-இல் 'செகண்ட் சைட்' என்னும் கணக்காய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் ஆழமாகத் தோண்டத் தொடங்கவே 2015-இல் விலக்கப்பட்டனர். பியூஜிட்சுவின் நிபுணர் சாட்சி தாம் அறிந்த பிழைகளைக் கோர்ட்டுக்குச் சொல்லாததால் நம்பத்தக்கவரல்லர் என்று 2013 ஜூலையில் நிர்வாகத்தின் வக்கீலே எழுதிக் கொடுத்தார். அக்காகிதம் 2020 வரை தண்டனை பெற்றவர்கள் கைக்கு வரவில்லை.

555 பேர் ஒன்றுகூடித் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிபதி பிரேசர் யந்திரத்திற் பிழைகள் இருந்தனவென்று தீர்ப்பளித்தார். நிர்வாகத்தின் மறுப்பு, உலகம் தட்டையென்று சாதிப்பதற்கு ஒப்பானதென்னும் கருத்துப்பட எழுதினார். நடுவில் அந்த நீதிபதியையே விலகச் சொல்லி மனுப் போட்டுப் பார்த்தது நிர்வாகம், அது செல்லவில்லை. சமாதானத் தொகை 57.75 மில்லியன் பவுன். வழக்குக்கு முதல் போட்டவர்களும் வக்கீல்களும் எடுத்தது போக, கடைக்காரர்களுக்கு எஞ்சியது சுமார் 12 மில்லியனே. 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு 39 பேரின் தண்டனையை ரத்துச் செய்தது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜனவரியில் இக்கதை டெலிவிஷன் நாடகமாக வந்தபின்தான் பொது ஜனங்கள் கொதித்தெழுந்தனர். பத்திரிகையும் பார்லிமெண்டும் பதினைந்தாண்டுகளில் செய்யாததை நாலு இரவு நாடகம் செய்தது! மே மாதத்திலேயே, எஞ்சிய தண்டனைகளை மொத்தமாக ரத்துச் செய்யும் சட்டம் நிறைவேறிற்று. விசாரணைக் கமிஷன் தலைவர் சர் வின் வில்லியம்ஸ் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதற் பாகம், குறைந்தது 13 பேர் இதன் காரணமாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக் கூடுமென்று கூறுகிறது.

யந்திரத்தை நம்பச் சொல்லும் அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் நீதி இலாகா கருத்துக் கேட்கத் தொடங்கியது 2025 ஜனவரியில். நமது மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் 1993-இல் 90ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காகிதத்தோடு ஓர் அத்தாட்சிப் பத்திரம் வைத்தால், அந்தக் காலம் முழுதும் கம்ப்யூட்டர் ஒழுங்காகவே வேலை செய்ததென்று அனுமானிக்கப்படுமென அப்பிரிவு சொல்லுகிறது. அத்தாட்சிப் பத்திரத்திலே கையெழுத்திட வேண்டியவர் யாரெனில், அந்தக் கம்ப்யூட்டரை நடத்தும் பொறுப்போ, அது உபயோகிக்கப்பட்ட காரியத்தை நடத்தும் பொறுப்போ உடையவர்.