ஸ்ப்ராக்கெட் விகிதம்: அன்றாடச் சாலையும் ஸ்டண்டும்

மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரமும், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரமும் இருக்கும். இரண்டையும் செயின் இணைக்கிறது. பின் பற்களின் எண்ணிக்கையை முன் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ஸ்ப்ராக்கெட் விகிதம். கேடிஎம் டியூக் 390-இன் முதல் தலைமுறை வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 45 பல், விகிதம் 3. முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். கியர் பெட்டிக்குள் உள்ள ஐந்து அல்லது ஆறு விகிதங்களையும் ஒரே வீச்சில் கூட்டவோ குறைக்கவோ உரிமையாளரின் கைக்கு எட்டுவது இந்த ஒரு எண்தான். பட்டறையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றி வண்டியின் குணத்தையே மாற்றிவிடலாம் என்பதால், இளைஞர்கள் முதலில் கைவைக்கும் இடமும் இதுவே.

விகிதம் கூடினால் பின்சக்கரத்தில் முறுக்குவிசை அதே அளவு கூடும்; ஒரே எஞ்சின் சுற்றுக்குக் கிடைக்கும் வேகம் அதே அளவு குறையும். எஞ்சினின் குதிரைத்திறன் ஒரு துளியும் மாறுவதில்லை. ‘பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் பவர் ஏறும்’ என்ற பேச்சு தவறு. இருக்கும் திறனை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பதை மட்டுமே பற்கள் முடிவு செய்கின்றன.

15-45 இணையில் முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 14-45 ஆக்கினால் விகிதம் 3.21. முன்னால் தொடாமல் பின்னால் மூன்று பல் கூட்டி 15-48 ஆக்கினால் 3.20. முன்னால் ஒரு பல் ஏறக்குறைய பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். இந்த ஏழு விழுக்காடு மாற்றமே ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில், எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 14-45 இணையில் அதே வேகத்திற்கு 6,430 சுற்று வேண்டும். ஸ்டண்டுக்காக 15-60 போட்டால் விகிதம் 4 ஆகி, அதே வேகத்திற்கு 8,000 சுற்று ஆகும். எஞ்சின் அலறும், பெட்ரோல் கரையும், கைப்பிடியில் நடுக்கம் நிற்காது.

பழவங்காடியில் ஓடும் வண்டி

திருவனந்தபுரத்தின் பழவங்காடி, அன்றாடச் சாலைக்கு ஸ்ப்ராக்கெட் தேர்வது பற்றிப் பேச ஏற்ற இடம். கிழக்கே கோட்டை பேருந்து நிறுத்தம், ஓவர்பிரிட்ஜ் வழியாகத் தம்பானூரிலிருந்து வந்து சேரும் கூட்டம், ‘சாலை’ என்ற பெயருள்ள சந்தைக்கு நடப்பவர்கள் எல்லாம் எம்.ஜி. ரோட்டின் இந்தச் சிறு துண்டில் நெருக்குகிறார்கள். இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கணபதி கோவிலுக்கு முன்னால் தேங்காய் உடைக்க வருபவர்களும், நடைபாதையில் நின்றே கும்பிட்டுச் செல்பவர்களும் உண்டு. இங்கே இருசக்கர வண்டி பெரும்பாலும் முதல், இரண்டாம் கியர்களிலேயே ஊர்கிறது. இரண்டாம் கியரில் எஞ்சின் திணறினால் முதலுக்கு இறக்கி, கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். கிளட்ச் தட்டுகள் தேய்வது இந்த ஊர்தலில்தான்.

அதே வண்டி ஓவர்பிரிட்ஜைத் தாண்டிச் செக்ரட்டேரியட் பக்கம் மேடேற வேண்டும். குன்றுகளின் மேல் அமைந்த நகரம் இது. ஞாயிற்றுக்கிழமை 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் கழக்கூட்டம் புறவழிச்சாலையில் அலுவலகத்திற்கு ஓட வேண்டும். நெரிசலுக்கும் மேட்டுக்கும் கூடுதல் விகிதம் நல்லது. நெடுஞ்சாலைக்குக் குறைந்த விகிதம் நல்லது. தொழிற்சாலை கொடுத்த இணை இவற்றுக்கு நடுவில் நிற்கும்படி, எரிபொருள் செலவையும் எஞ்சின் ஆயுளையும் சேர்த்து எண்ணி முடிவு செய்யப்பட்டது.

கேரளத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 2023 ஜூலை 1 முதல் மாநிலத்தில் இருசக்கர வண்டிகளின் உச்ச வேகம் 70 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது; நகரச் சாலைகளில் 50. ஆகவே உச்ச வேகம் வேண்டி விகிதத்தைக் குறைக்க இங்கே காரணமே இல்லை. எப்போதும் பின்னிருக்கையில் ஆளோடு மேடேறுபவர், 150 முதல் 200 சிசி வண்டியில் பின்னால் ஒன்று முதல் மூன்று பல் கூட்டினால் ஓட்டம் இலகுவாகும். சட்ட வேகத்தில் இழப்பதும் அதிகமில்லை. அதற்கு மேல் போனால் அன்றாட ஓட்டத்தில் கிடைப்பதைவிட இழப்பதே கூடுதல்.

ஸ்டண்ட் எதைக் கேட்கிறது

வீலியில் முன்சக்கரத்தைத் தூக்குவது முறுக்குவிசை. தூக்கிய பின் சமநிலைப் புள்ளியில் நிறுத்திவைப்பது ஆக்சிலேட்டரும் பின் பிரேக்கும். நடைவேகத்தில் ஊரும் வீலிக்கும், சிறு வட்டத்திற்குள் சுற்றும் வீலிக்கும், மிகக் குறைந்த வேகத்திலும் எஞ்சின் இழுக்கும் சுற்றில் இருந்தாக வேண்டும். முதல் கியரில் மணிக்கு 9 கிலோமீட்டரில் திணறத் தொடங்கும் வண்டி, விகிதம் 3-லிருந்து 4 ஆனதும் 7 கிலோமீட்டருக்கும் கீழே வரை திணறாமல் ஊரும். இரண்டாம் கியர் ஏறக்குறைய பழைய முதல் கியரின் இடத்துக்கு வந்துவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. பெரிய பின் ஸ்ப்ராக்கெட் வீலியை எளிதாக்குவதைவிட, மெதுவாக்குகிறது. தேர்ந்த ஸ்டண்ட் ஓட்டுநர் விழுவதை எண்ணியே வண்டியைத் தயார் செய்கிறார். 15 கிலோமீட்டர் வேகத்தில் விழுவதற்கும் 60-இல் விழுவதற்கும் உள்ள வேறுபாடு உயிரின் அளவு. நெடுந்தூர வீலிச் சாதனைகளிலும் மெதுவான வண்டிக்கு இடமிருந்தது. அமெரிக்காவின் டக் டொமோகோஸ் 1984-இல் டல்லடேகா பந்தயத் தடத்தில் 145 மைல், அதாவது 233 கிலோமீட்டர், பின்சக்கரத்திலேயே ஓட்டினார். 1991-இல் அதை 331 கிலோமீட்டராக உயர்த்திய ஜப்பானியர் யசுயுகி குடோ, பாறை ஏறும் டிரையல்ஸ் போட்டிக்கென்று செய்யப்பட்ட சிறு ஹோண்டாவையே எடுத்துக்கொண்டார். டிரையல்ஸ் வண்டியின் இயல்பே ஊர்ந்து செல்வதுதான்.

வெளிநாட்டு 600 சிசி ஸ்டண்ட் வண்டிகளில் பின்னால் 60 பல் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. நம் நாட்டின் 200 முதல் 390 சிசி வண்டிகளில் 50-க்கு மேல் போடுகிறார்கள். பல் கூடுவதோடு வேலை முடிவதில்லை. இடது கைப்பிடியில் பின் பிரேக்குக்குத் தனி லீவர், விழுந்தால் எஞ்சினைக் காக்கும் இரும்புக் கூண்டு, வண்டி செங்குத்தாக நிமிரும்போது தரையில் உரசும் பின்கம்பி ஆகியவையும் சேர்ந்ததே ஸ்டண்ட் வண்டி. முன்சக்கரத்தில் நிற்கும் ஸ்டாப்பிக்கு ஸ்ப்ராக்கெட்டால் பயனே இல்லை. அது முழுக்க முன் பிரேக்கின் வேலை.

பற்களும் செயினும்

செயினின் எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. 428 என்பதில் முதல் இலக்கம் 4. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அங்குலத்தின் எட்டில் நான்கு பங்கு, 12.7 மில்லிமீட்டர். 520 செயினில் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மில்லிமீட்டர். 428 ஸ்ப்ராக்கெட்டில் 520 செயின் உட்காராது. வாங்கப் போகும்போது பல்லின் எண்ணிக்கையோடு இந்த எண்ணையும் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

மொத்தப் பற்களில் இரண்டு கூடினால் செயினுக்கு ஏறக்குறைய ஒரு லிங்க் நீளம் கூடுதலாக வேண்டும். 45-லிருந்து 60-க்குப் போனால் ஏழரை. செயின் இரட்டைப்படையாகவே இணைவதால் எட்டு. ஓரிரு பல் கூடும்போது பழைய செயினையே வைத்து, பின்சக்கரத்தை முன்னே தள்ளிச் சரிசெய்வார்கள். அப்போது இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் சற்றுக் குறைந்து, முன்பக்கம் இன்னும் எளிதாகத் தூக்கும். சாலையில் மேடேறுபவருக்கு இது வேண்டாத விளைவு.

மலிவான வழி முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது. ஆனால் சிறிய முன் ஸ்ப்ராக்கெட் செயினை இறுக்கமாக மடக்குகிறது. செயின் வட்டத்தில் ஓடுவதில்லை, பலகோணத்தில் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் அதன் வேகம் சற்று ஏறி இறங்கும். 17 பல்லில் இந்த ஏற்றத்தாழ்வு 1.7 விழுக்காடு, 15-இல் 2.2, 12-இல் 3.4. நடுக்கமும் தேய்மானமும் அதே வரிசையில் கூடும். செயின் தாழ்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்-ஆர்மின் மேலுள்ள ரப்பர் பட்டையையும் அறுக்கத் தொடங்கும். 15 பல்லோடு வரும் சாலை வண்டிக்கு 14-க்குக் கீழே போக வேண்டிய தேவை வருவதில்லை.

இரட்டைப்படைப் பற்களுக்கும் ஒரு குறை உண்டு. 112 லிங்க் செயினில் 14 பல் ஸ்ப்ராக்கெட் ஓடினால், ஒரே பல் எப்போதும் அதே லிங்குகளையே சந்திக்கும். 15 பல்லில் ஒவ்வொரு பல்லும் எல்லா லிங்குகளையும் முறைவைத்துச் சந்தித்து, தேய்மானம் பரவலாகும்.

ஸ்டண்டுக்கான பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டுகளை 7075 வகை அலுமினியத்தில் கடைகிறார்கள். எடை குறைவு, தேய்மானம் விரைவு. அன்றாட வண்டிக்கு எஃகுதான் வேண்டும், அதுவும் மழையும் கடற்காற்றும் சேரும் திருவனந்தபுரத்தில். நல்ல எஃகுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரோலான் பெயரில் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் கோயம்புத்தூரில் 1937-இல் பேருந்துப் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கியது. முருகப்பா குழுமத்தின் டிஐடிசி செயின்கள் சென்னை அம்பத்தூரிலிருந்து வருகின்றன. எந்தப் பெயரானாலும் முன், பின், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தேய்ந்த செயின் புதுப் பல்லைச் சில மாதங்களில் கொக்கியாக வளைத்துவிடும். மாற்றும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப் லிங்க்கின் மூடிய முனை, வண்டி முன்னே போகையில் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அறுந்த செயின் பின்சக்கரத்தைப் பூட்டலாம், எஞ்சின் உறையையும் உடைக்கலாம்.

வேக உணரி கியர் பெட்டிப் பக்கம் உள்ள வண்டிகளில், பல்லை மாற்றியதும் ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் பொய் சொல்லும். உணரி சக்கரத்திலேயே இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சாலையும் சட்டமும்

2022 ஜூனில், பழவங்காடியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், விழிஞ்ஞம் அருகே முக்கோலை புறவழிச்சாலையில் நடந்த பைக் பந்தயத்தில் வண்டிகள் மோதி இரண்டு இளைஞர்கள் இறந்தனர். அதே மாதம் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் ரேஸ்’ என்ற பெயரில் சோதனையில் இறங்கியது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலி செய்ய முயன்று விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி, ஆபத்தான ஓட்டத்திற்கு முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டியை மாற்றுவதைப் பற்றிய 52-ஆம் பிரிவிற்கு உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். 2019 ஜனவரியில், ஜெயச்சந்திரா என்பவர் தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான பார்வையை ஒதுக்கி, தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை பதிவுச் சான்றில் அச்சிடப்படுவதில்லை. ஆனாலும் 60 பல்லும் கூண்டும் கைப் பிரேக்கும் உள்ள வண்டியைச் சாலை வண்டி என்று வாதிட வழியில்லை. அதை வேனில் ஏற்றி, மூடிய தளத்தில், ஹெல்மெட்டும் முழுக் காப்புடையும் அணிந்து ஓட்டுவதே இந்தக் கலைக்கும் மரியாதை. ஒரே வண்டியில் வார நாளில் அலுவலகமும் வார இறுதியில் வட்ட வீலியும் என்று நினைப்பவர், இரண்டுக்கும் பொருந்தாத வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசுவதற்கு முன் குனிந்து பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணுங்கள். பெரும்பாலும் அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றச் சொல்லி அதையும் எண்ணுங்கள். கையேட்டில் உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால், மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள்; வண்டி ஸ்டண்டுக்கும் ஓடியிருக்கலாம். கிளட்சையும் ஹெட்செட் பேரிங்கையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.