பெட்டகத்தில் ஒரு கூட்டுப் பயணம்

1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன். டன்னுக்கு 5.83 டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்ட்டுக்குள் அடங்கிற்று என்பது அவர் தரப்புக் கணக்கு.

சரி, சிறு வணிகர் என்ன செய்வார்? 20 அடிப் பெட்டகம் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். உங்களிடம் 3 கன மீட்டர் சரக்கே இருந்தால்? முழு வாடகை கொடுப்பது காற்றுக்கும் கூலி கொடுப்பதாகும்! ஆகவே ஒரே துறைமுகத்துக்குச் செல்லும் பலரது சரக்கையும் ஒரே பெட்டகத்தில் அடுக்குகிறார்கள். கன அளவு, எடை இரண்டில் எது மிகுதியோ அதற்கேற்ப அவரவர் கட்டணம் செலுத்துவர்.

ஒன்றை மறவாதீர்கள்: ஒருவரது ஆவணத்தில் பிழையிருந்தாலும் சுங்கத்தில் அனைவரது சரக்கும் காத்திருக்க நேரிடலாம். செலவைப் பங்கிடுவோர் பொறுப்பையும் பங்கிடத்தான் வேண்டும்.